ஒத்தை சிகரெட் வாங்குகிறவன் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

போலி சிகரெட்டைக் கண்டுபிடிக்க யாரிடம் வழி கேட்டாலும் பாக்கெட்டைப் பார் என்கிறார்கள். சீலைப் பார், அச்சைப் பார், தேதியைப் பார். எல்லாம் சரிதான், ஆனால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் டோல்கேட் டீக்கடை வாசலிலும் முழு பாக்கெட் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு டீ, ஒரு தம், அவ்வளவுதான். கடைக்காரர் ஏற்கெனவே பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவித் தருவார், நாம் அதை வாயில் வைத்துக்கொண்டு கயிற்றில் தொங்குகிற லைட்டரைத் தேடுவோம். அந்த ஒரு குச்சியில் தேதி கிடையாது, விலை கிடையாது, எச்சரிக்கைப் படமும் கிடையாது. போலி விற்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? அதனால் குச்சியையும் கடையையும் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பாக்கெட் அப்புறம்.

எனக்கு வேலை பாரிமுனையில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். துறைமுகத்துக்கும் ஆபீசுக்கும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைவது, சில ராத்திரிகளில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையோடு காத்துக் கிடப்பது. காத்திருக்கிற வேலையில் இருப்பவனுக்கு சிகரெட் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். நான் பிடிப்பது சாதாரண நீள ஃபில்டர், பல வருஷமாக ஒரே பிராண்டு. ஒரு கட்டத்தில் சில கடைகளில் மட்டும் அதே சிகரெட் வேறு மாதிரி இருக்க ஆரம்பித்தது. இழுத்தால் காகிதம் எரிகிற வாடை, தொண்டையில் கரகரப்பு, பாதியில் தானாக அணைந்துவிடும். மழைக்காலம், நமுத்துப் போயிருக்கும் என்றுதான் லாரி வரிசையில் நின்ற எல்லோரும் பேசிக்கொண்டோம்.

நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தார். டீக்கடையில் நாலு சிகரெட் வாங்கி வந்தவர், அவற்றை லாரி பம்பர் மேல் வரிசையாகப் படுக்க வைத்து செல்போன் டார்ச் அடித்தார். "தம்பி, ஒரே பாக்கெட்லேருந்துதான எடுத்துக் குடுத்தான்? பஞ்சு மேல சுத்தியிருக்கற பேப்பரைப் பாருங்க." பார்த்தேன். இரண்டு குச்சியில் நல்ல தேன் மஞ்சள், மற்ற இரண்டில் கொஞ்சம் வெளுத்த மஞ்சள். பிராண்டு பெயர் அச்சடித்த இடமும் ஒன்றில் பஞ்சை ஒட்டி இருந்தது, இன்னொன்றில் ஒரு நூல் தள்ளி. கம்பெனி மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றித் தள்ளுகிறது, ஒரே பாக்கெட்டுக்குள் இப்படி இரண்டு சாதி வர வாய்ப்பே இல்லை. "கலந்து விக்கறான்" என்றார், சொல்லிவிட்டு நல்ல இரண்டையும் அவர் வைத்துக்கொண்டார்.

முழுக்கப் போலியாக விற்றால் வாடிக்கையாளர் இரண்டே நாளில் கடையை மாற்றிவிடுவார். நல்லதோடு கலந்து விற்றால் நேற்று நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கு நமக்குத்தான் சளி என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஒரு குச்சியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போலியா இல்லையா என்று யோசித்தால் பதில் கிடைக்காது, இரண்டு மூன்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். தெரிந்த இடத்தில் சீல் பிரித்து வாங்கிய நல்ல குச்சி ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. நீளம் ஒன்றாக இருக்கிறதா, மஞ்சள் பேப்பர் முடிகிற கோடு நேராக இருக்கிறதா, அந்தப் பேப்பரின் ஒட்டு பிசிறில்லாமல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வகைகளில் பஞ்சைச் சுற்றி ஊசி முனையால் குத்தியது மாதிரி பொடித் துளைகள் வரிசையாக இருக்கும், காற்று கலப்பதற்காக. உங்கள் பிராண்டில் அது உண்டு என்றால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். போலி அடிப்பவர்கள் அந்த வரிசையை விட்டுவிடுவார்கள், அல்லது வெறும் புள்ளியாக அச்சடித்து வைப்பார்கள்.

அப்புறம் உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். நல்ல சிகரெட்டிலும் ஒன்றிரண்டு துணுக்கு உதிரும், அது ஒன்றும் இல்லை. பொடி கொட்டினால்தான் சந்தேகம். ஆபீசில் ஒருநாள் இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை பிளேடால் நீளவாக்கில் கீறி வெள்ளைத்தாளில் கொட்டினோம். ஒன்றில் நூல் நூலாக நறுக்கிய இலை, ஒரே சீராக, பழுப்பும் பொன்னும் கலந்து. மற்றதில் பாதிக்கு மேல் தூள், நடுவே தீக்குச்சி முனை கனத்துக்குக் காம்புத் துண்டுகள். பாதியில் அணைந்து போவதற்கும், சில நேரம் படபடவென்று பொரிவதற்கும், பேப்பரைக் குத்திக் கிழிப்பதற்கும் அந்தக் காம்புதான் காரணம். நல்ல சிகரெட் தயாரிப்பிலும் காம்பைப் பதப்படுத்திச் சேர்ப்பது உண்டு, ஆனால் அதை அழுத்தி மெல்லிசாக நறுக்கித்தான் போடுவார்கள், கட்டை மாதிரி வராது. கீறிப் பார்க்க மனசு வராதவர்கள் குச்சியை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டினாலே போதும், எங்கே கெட்டி, எங்கே வெறும் காற்று என்று தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வித்தியாசமாக இருப்பதெல்லாம் போலி கிடையாது. காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அசல் சிகரெட்டே நமுத்து, பேப்பரில் பழுப்புத் திட்டு விழுந்துவிடும். குச்சியில் குண்டூசித் துளை மாதிரி ஒன்றிரண்டு இருந்தால் அது பெரும்பாலும் புகையிலை வண்டு போட்ட ஓட்டை, நாள்பட்ட அசல் சரக்கு என்று அர்த்தம். அதையும் வாங்க வேண்டாம்தான், அதற்காகக் கடைக்காரரைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். வாடை, அச்சு, தூள், எரிகிற விதம் இவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து வந்தால்தான் நான் முடிவு கட்டுவேன்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு அண்ணாச்சியிடம் இருபது வருஷப் பழக்கம், அவரிடமே கேட்டேன். "அண்ணாச்சி, இது எப்படி உள்ள வருது?" அவர் மறைக்கவில்லை. கம்பெனி விநியோகஸ்தரின் வண்டி லைனில் வரும்போது பில்லோடு சரக்கு போடும். அது தவிர பைக்கில் ஒரு பையன் வருவான், பெரிய பை, பில் கிடையாது, கார்ட்டனுக்கு இவ்வளவு குறைச்சல் என்பான். "நமக்கு ஒரு பாக்கெட்டுல நிக்கறதே சில்லறைக் காசு தம்பி. அவன் சொல்ற ரேட்டுக்கு ஆசைப்பட்டா ஒரு மாசம் ஓடும், அப்புறம் கடைக்கு வர்ற ஆளு ஓடிப்போயிரும்." அவர் வாங்குவதில்லை என்றார், நம்புகிறேன், ஏனென்றால் அவர் கடையில் நான் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். தர மறுக்கிற கடைதான் பிரச்சினை.

டோல்கேட் பக்கம் ஒரு கடையில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். கடையைச் சாத்துகிற நேரம், பையன் ஒருவன் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு செய்தித்தாளில் சுருட்டிய கட்டிலிருந்து குச்சிகளை எடுத்து, பிரித்துத் தீர்ந்துபோன அசல் பாக்கெட்டுகளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். ஜிகினா பேப்பரை மடித்து மூடுகிற நேர்த்தியைப் பார்த்தால் அன்றாட வேலை மாதிரி இருந்தது. ஆகவே பாக்கெட் அசல் என்பதால் உள்ளே இருப்பதும் அசல் என்று நம்ப முடியாது. அதுமுதல் நான் காலி பாக்கெட்டை முழுசாகத் தூக்கிப் போடுவதில்லை, இரண்டாகக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். ஆபீசில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

ஏன் இவ்வளவு பெருகுகிறது என்றால் எல்லாம் வரிதான். சிகரெட்டுக்கு வரி நீளத்தை வைத்துப் போடுகிறார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்கு மேல் கலால் வரி ஆயிரம் குச்சிக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை. எவ்வளவு குட்டையாக இருந்தாலும் பத்துக் குச்சி பாக்கெட்டில் கலால் மட்டுமே 20 ரூபாய் 50 காசு உட்கார்ந்திருக்கிறது. ஜிஎஸ்டி, புகையிலை, பஞ்சு, அட்டை, லாரி வாடகை, கடைக்காரர் காசு எல்லாம் அதற்கு மேலே. எனவே பெயர் தெரியாத நீள சிகரெட் இருபது குச்சி ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதில் வரி கட்டியிருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் பிராண்டு ஒரு கடையில் மட்டும் அச்சிட்ட விலைக்குக் கீழே கிடைத்தாலும் அதே சந்தேகம். விலை ஏறிய சமயத்தில் கடைக்காரர்கள் பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டைப் புது விலைக்கு விற்பார்கள், அது அச்சிட்ட விலையை மீறுகிற குற்றம், ஆனால் சரக்கு அசல்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது பாக்கெட். வெளிநாட்டு வீடியோக்களில் வரி முத்திரை ஒட்டியிருக்கிறதா பார் என்கிறார்கள். நம் ஊர் சிகரெட் பாக்கெட்டில் அப்படி ஒரு முத்திரையே ஒட்டுவதில்லை. டாஸ்மாக் பாட்டிலில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறது, சிகரெட்டுக்கு இல்லை. இல்லாத ஸ்டாம்பைத் தேடி அசல் பாக்கெட்டைப் போலி என்று சண்டை போட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே பார்க்க வேண்டியது எச்சரிக்கைப் படத்தை. 2016 ஏப்ரல் 1 முதல் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்குப் போக வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் கூடவே புகைப்பதை நிறுத்த உதவும் எண் 1800-11-2356 அச்சாகியிருக்க வேண்டும், அந்த எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் கீழே வைத்துவிடுங்கள். இன்னொரு நல்ல சோதனை, படத்தையும் தயாரிப்பு மாதத்தையும் ஒத்துப் பார்ப்பது. படங்களை அரசு அவ்வப்போது மாற்றும். 2022 டிசம்பர் 1 முதல் ஒரு வருஷத்துக்கு வேதனையான மரணம் என்ற வாசகத்தோடு ஒரு படம், 2023 டிசம்பர் 1 முதல் புகையிலை பயன்படுத்துவோர் சீக்கிரம் சாகிறார்கள் என்ற வாசகத்தோடு வேறு படம். என் கைக்கு வந்த ஒரு பாக்கெட்டில் தயாரிப்பு 2024 பிப்ரவரி என்று இருந்தது, படமோ முந்தைய வருஷத்துப் படம். அட்டையை மொத்தமாக அச்சடித்துக் குவித்தவன் தேதியை மட்டும் புதுசாகக் குத்தியிருக்கிறான்.

அச்சு பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஆண்டர்சன் தெருவில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை செய்கிற நண்பன். இதில் ஒரு வேடிக்கை, அசல் பாக்கெட் அட்டை அச்சடிக்கிற, சிகரெட் கம்பெனியான ஐடிசியின் பேக்கேஜிங் தொழிற்சாலை நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது, போலி அட்டை அதே ஊர் பெட்டிக்கடையில் தொங்குகிறது. நண்பன் தன் பிரஸ் லென்ஸை இரண்டு பாக்கெட் மேலும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான். அசலில் பிராண்டின் பட்டை நிறம் தனி மையாக, நிரப்பி விட்டது மாதிரி கெட்டியாக இருந்தது. மற்றதில் அதே நிறம் சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து ரங்கோலி போட்டிருந்தது. "ஸ்கேன் பண்ணி நாலு கலர்ல ஓட்டிட்டான் மச்சி, தனி மை வாங்குனா செலவு" என்றான். ஒரு திருத்தமும் சொன்னான்: எச்சரிக்கைப் படம் புகைப்படம் என்பதால் அசலிலும் புள்ளி தெரியும், பிராண்டு நிறத்தையும் பெயரின் ஓரத்தையும் மட்டும் பார்க்க வேண்டும். லென்ஸ் இல்லாதவர்கள் செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கினால் ஓரளவு தெரியும். பொடி எழுத்தில் தயாரிப்பாளர் முகவரியையும் வாடிக்கையாளர் தொடர்பு எண்ணையும் படித்துப் பாருங்கள், மை ஊறி எழுத்து அடைந்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

வெளிநாட்டு சிகரெட் தனிக் கதை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் உருவானது பர்மா பஜார், அங்கே எது வாங்கினாலும் ஒரிஜினல் ஃபாரின் என்கிற நினைப்பு நம் அப்பா காலத்திலிருந்து ஊறியது. இப்போது எந்தப் பேட்டையிலும் கிராம்பு வாசனை இந்தோனேசிய சிகரெட்டும் ஒல்லி கொரிய சிகரெட்டும் கிடைக்கின்றன. இறக்குமதியானாலும் நம் நாட்டு எச்சரிக்கைப் படமும், இறக்குமதியாளர் பெயரும், ரூபாயில் விலையும் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லை என்றால் அது கடத்தல் சரக்கு, அல்லது கடத்தல் சரக்கைப் பார்த்து அடித்த போலி. "சிங்கப்பூர்ல இருந்து மச்சான் கொண்டு வந்தது" என்பார்கள். விமானத்தில் வருகிறவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடியது 100 சிகரெட். ஒரு கார்ட்டனே 200 குச்சி. கடை ஷெல்ஃப் நிறைய அடுக்குவதற்கு எத்தனை மச்சான் வேண்டும்? கிராம்பு என்பதால் மூலிகை, கெடுதல் குறைவு என்று நம்புகிற பையன்களும் இருக்கிறார்கள், புகையிலைதான் அதிலும்.

கெடுதல் என்று பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. பிரிட்டனில் போலி சிகரெட்டை ஆராய்ந்தவர்கள் அதில் காட்மியமும் ஈயமும் அசலைவிட அதிகம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள், மட்டமான புகையிலை மண்ணிலிருந்து எதை உறிஞ்சியதோ அது அப்படியே நுரையீரலுக்கு வரும். அதற்காக அசல் என்றால் நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அசல் புகையிலேயே ஏழாயிரத்துக்கு மேல் ரசாயனங்கள், அதில் எழுபது அளவில் புற்றுநோய் தருபவை. காசு கொடுத்தவனை ஏமாற்றுவது பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

புகார் செய்த அனுபவமும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன், மரியாதையாகப் பேசினார்கள், முதலில் கேட்டது பில். ஒத்தை சிகரெட்டுக்கு எந்தக் கடையில் பில் போடுகிறார்கள்? பாக்கெட்டில் இருந்த கம்பெனி எண்ணில் பேசியபோதுதான் காரியம் நடந்தது, ஏனென்றால் நஷ்டம் அவர்களுக்கு. கடை இருக்கும் இடம், வாங்கிய தேதி, பாக்கெட் அடியில் இருக்கும் குறியீடு எல்லாம் கேட்டுக்கொண்டு, மிச்சக் குச்சிகளை வாங்கிப்போக ஆளையே அனுப்பினார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் ஊதித் தீர்த்துவிடாமல் இரண்டு மூன்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் மூடி, தேதி எழுதி வையுங்கள். பாக்கெட்டாக வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து.

சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. போலி வணிக முத்திரையோடு, அதாவது அடுத்தவர் டிரேட்மார்க்கைப் போலியாகப் போட்டு, பொருள் விற்றால் 1999ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வாரன்ட் இல்லாமல் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன்னால் வணிக முத்திரைப் பதிவாளரின் கருத்தையும் கேட்க வேண்டும். ரோந்து வருகிற ஏட்டய்யாவைக் கூப்பிட்டுக் கடையைக் காட்டினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, கடைக்காரர் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார், அதுதான் மிச்சம். எச்சரிக்கைப் படமே இல்லாத பாக்கெட் என்றால் கதை வேறு. 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தில் அதை விற்கிறவருக்கே முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், நிரூபிக்க லென்ஸும் வேண்டாம், பதிவாளரும் வேண்டாம்.

நான் இப்போது மூலக்கடை பக்கம் ஒரு மொத்த வியாபாரியிடம் பில் போட்டு, சீல் பிரிக்காத பாக்கெட்டாக வாங்குகிறேன். அங்கே சில்லறை விலையைவிட ஒரு பைசா குறையாது, குறைத்துக் கேட்டால் "அந்த ரேட்டுக்கு வேணும்னா பைக்கில வர்றவன்கிட்ட வாங்கிக்கோங்க சார்" என்கிறார் அவரே. அவசரத்துக்கு ஒத்தை வேண்டும் என்றால் எங்கள் அண்ணாச்சி கடை. வேறு கடையில் வாங்க நேர்ந்தால், புதுப் பாக்கெட்டை என் முன்னால் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்பேன். முகம் சுளிக்காமல் பிரித்துத் தருகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.